கல்லு எங்க தட்டும்னு சிமுலேஷன் சொல்லும், ஃபினிஷ் எவ்ளோ வரும்ங்கறதுக்கு தராசும் வேணும்

கேள்வி இதுதான். நண்பர் கியர் பண்ற ஒரு யூனிட்ல ப்ராசஸ் இன்ஜினியரா இருக்கார். பல்லை கிரைண்ட் பண்ணி முடிச்சதும் வைப்ரேட்டரி பவுல்ல செராமிக் கல்லோட சேத்து போட்டு ஃபினிஷ் பண்றாங்க. கஸ்டமர் கேக்கறது ஆர்.ஏ, அதாவது மேல்பரப்போட சராசரி சொரசொரப்பு, 0.4 மைக்ரான். பல்லோட பக்கவாட்டுல அது வந்துடுது, பல்லடியில, அதாவது ரெண்டு பல்லுக்கு நடுவுல இருக்கற பள்ளத்துல மட்டும் எவ்ளோ நேரம் போட்டாலும் வரமாட்டேங்குது. கல்லு ஒவ்வொன்னும் எப்படி ஓடுதுன்னு கணக்கு போடற டி.இ.எம் சாஃப்ட்வேர் ஒன்னு வாங்கினா எந்த கல்லு, எத்தனை நிமிஷம்னு முன்கூட்டியே தெரிஞ்சுடுமா, கூடவே சில லாட்ல கிரைண்டிங் பர்ன் (கிரைண்டிங் சூட்டுல மேல்தோல் கெட்டுப்போறது) வருதே அதையும் சிமுலேட் பண்ண முடியுமான்னு கேட்டிருக்கார்.

பதிலை முதல்லயே சொல்லிடறேன். "இத்தனை நிமிஷம் ஓட்டுனா இத்தனை மைக்ரான்"னு எந்த சாஃப்ட்வேரும் தானா சொல்லாது, டெமோல எவ்ளோ கலர் படம் காட்டினாலும் சரி. ஆனா பார்ட்டோட எந்த இடத்துல கல்லு எவ்ளோ வேலை செய்யுது, எந்த இடத்துக்கு போகவே இல்ல, இந்த இடத்துக்கும் அந்த இடத்துக்கும் எத்தனை மடங்கு வித்தியாசம்னு கேட்டா நல்லாவே சொல்லும். அந்த மடங்கு கணக்கையும் உங்க பவுல்லயே பண்ற ஒரு எடை டெஸ்ட்டையும் சேத்துட்டீங்கன்னா நிமிஷம், மைக்ரான் ரெண்டும் கைக்கு வந்துடும். ரெண்டுல ஒன்னு மட்டும் இருந்தா வராது. ஏன்னு விளக்கமா சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும்.

டர்னிங், மில்லிங் மாதிரி இதை ஏன் நேரா சிமுலேட் பண்ண முடியலன்னா, அங்க டூலோட முனை எங்க இருக்கு, என்ன கோணம்னு டிராயிங்லயே இருக்கு. இங்க வெட்டறது கல்லுக்குள்ள இருக்கற ஆயிரக்கணக்கான துகள், ஒவ்வொன்னுக்கும் ஒவ்வொரு ஷேப், எது எவ்ளோ நீட்டிக்கிட்டு இருக்குன்னு யாருக்கும் தெரியாது. அதுவும் பாதிக்கு மேல துகள் வெட்டறதே இல்ல, சும்மா உரசிட்டு போகும், இல்ல உழுதுட்டு போகும், அதாவது மெட்டலை ரெண்டு பக்கமும் ஒதுக்கி விடும், சிப்பா எடுக்காது. இதோட அளவு பிரச்சினை வேற இருக்கு. பவுல் கிட்டத்தட்ட ஒரு மீட்டர், கல்லு சில மில்லிமீட்டர், அது போடற கீறல் ஒரு மைக்ரானுக்கும் கீழ. மீட்டர்ல இருந்து மைக்ரானுக்கு பத்து லட்சம் மடங்கு. ஒரே மாடல்ல இதெல்லாம் அடங்காது, அதனால எல்லாருமே இதை மூணா பிரிச்சுதான் செய்றாங்க. கல்லு எப்படி ஓடுதுங்கறது ஒரு மாடல், அது தட்டறதால எவ்ளோ மெட்டல் போகுதுங்கறது ஒரு விதி, போன மெட்டலால ஃபினிஷ் எப்படி மாறுதுங்கறது இன்னொரு விதி.

முதல் பகுதிக்குத்தான் டி.இ.எம். 1979ல கண்டல், ஸ்ட்ராக்னு ரெண்டு பேர் மண், பாறை சம்பந்தப்பட்ட கணக்குக்காக கொண்டுவந்த முறை இது, அப்புறம் மாத்திரை கம்பெனி, சுரங்கம், விவசாய மெஷின்னு எல்லா இடத்துக்கும் பரவிடுச்சு. ஒவ்வொரு கல்லையும் தனித்தனியா கணக்குல வெச்சுக்கும், ரெண்டு கல்லு தொட்டா அவை கொஞ்சமா ஒன்னுக்குள்ள ஒன்னு போக விட்டு, அந்த அளவை வெச்சு ஸ்ப்ரிங், டாம்பர் மாதிரி விசை போடும், நியூட்டன் விதிப்படி அடுத்த இடத்துக்கு நகர்த்தும், மறுபடி யார் யாரை தொடறாங்கன்னு பாக்கும். அவ்ளோதான். புரியறதுக்கு சுலபம், ஓட்டறதுக்குத்தான் நேரம் ஆகும்.

எவ்ளோ நேரம்னு ஒரு கணக்கு போட்டு பாப்போம். 100 லிட்டர் பவுல், அதுல 6 மில்லிமீட்டர் உருண்டை கல்லு, இடைவெளி போக அறுபது சதவீதம் கல்லுன்னு வெச்சா ஏறக்குறைய அஞ்சே கால் லட்சம் கல்லு வரும். இதுல டைம் ஸ்டெப்னு ஒன்னு இருக்கு, கல்லோட மேற்பரப்புல ஒரு அதிர்வலை போற நேரத்துல ஒரு பங்குதான் ஒரு ஸ்டெப், அதுக்கு மேல போனா கணக்கு வெடிச்சுடும். செராமிக்குக்கு உண்மையான விறைப்பை கொடுத்தா ஒரு ஸ்டெப் சுமார் அரை மைக்ரோ செகண்ட் வரும். அப்ப 10 செகண்ட் ஓட்டம் பாக்கணும்னா 2 கோடி ஸ்டெப், ஒவ்வொரு ஸ்டெப்லயும் அஞ்சு லட்சம் கல்லு. உங்க நிஜ ப்ராசஸ் மணிக்கணக்குல ஓடுது. முழு ஓட்டத்தையும் சிமுலேட் பண்றதுங்கற பேச்சுக்கே இடமில்ல. ஓட்டம் நிலைக்கு வந்த அப்புறம் சில செகண்ட் எடுத்து, அதோட சராசரியை மணிக்கணக்குக்கு நீட்டிக்கறதுதான் வழி.

நேரத்தை குறைக்க எல்லாரும் செய்ற ஒரு வேலை இருக்கு, அதுல ஒரு பொறி இருக்கு, இதை சேல்ஸ்ல யாரும் சொல்லமாட்டாங்க. கல்லோட விறைப்பை நூறுல ஒரு பங்கா குறைச்சு கொடுப்பாங்க, ஸ்டெப் பத்து மடங்கு பெரிசாகும், ஒரு வாரம் ஓட வேண்டியது ஒரு ராத்திரில முடிஞ்சுடும். ஓட்டம் பாக்கறதுக்கு அது பரவால்ல, கல்லு சுத்தற விதம் பெரிசா மாறாது. ஆனா கல்லு மோதற உச்ச விசை, விறைப்போட 0.4 அடுக்குக்கு ஏத்தமாதிரி மாறும், ஹெர்ட்ஸ் தொடுகை கணக்கு அப்படி. விறைப்பை நூறுல ஒரு பங்காக்கினா உச்ச விசை ஆறு மடங்குக்கு மேல குறைஞ்சுடும், தொட்டுக்கிட்டு இருக்கற நேரம் அதே ஆறு மடங்கு கூடிடும். மோதல் விசையை எடுத்து "இந்த விசைல இவ்ளோ ஆழம் கீறும்"னு யாராவது ரிப்போர்ட் கொடுத்தா, முதல்ல விறைப்பு என்ன கொடுத்தீங்கன்னு கேளுங்க. உரசல்ல செலவான எனர்ஜியை எடுத்து கணக்கு போட்டிருந்தா இந்த பாதிப்பு கம்மி, அதனால எனர்ஜி வழிதான் எனக்கு நம்பிக்கையான வழி.

அடுத்து கேலிப்ரேஷன், அதாவது மாடலுக்கு கொடுக்கற நம்பரை நிஜத்தோட பொருத்தறது. இதுக்குத்தான் நிறைய நேரம் கொடுக்கணும், பெரும்பாலான ப்ராஜெக்ட் சொதப்பறதும் இங்கதான். கல்லுக்கும் கல்லுக்கும் உராய்வு எவ்ளோ, கல்லுக்கும் பவுல் லைனிங்குக்கும் எவ்ளோ, மோதினா எவ்ளோ திரும்ப துள்ளும், இதெல்லாம் எங்கயோ ஒரு பேப்பர்ல இருக்கற நம்பரை எடுத்து போட்டா வேலைக்காகாது, ஏன்னா உங்க பவுல்ல தண்ணியும் காம்பவுண்டும் (கல்லோட சேத்து ஊத்தற கெமிக்கல்) ஓடுது, ஈரக்கல்லு காஞ்ச கல்லு மாதிரி நடக்காது. உங்க கல்லையே உங்க காம்பவுண்ட்ல நனைச்சு ஒரு பைப்ல நிரப்பி, பைப்பை மெதுவா மேல தூக்கி, குவியல் என்ன சரிவுல நிக்குதுன்னு பாருங்க. அதே சரிவு சிமுலேஷன்ல வர்ற வரைக்கும் உராய்வை மாத்துங்க. ஒரே சரிவு ரெண்டு மூணு விதமான உராய்வு ஜோடிக்கும் வரும்ங்கறதால இன்னொரு டெஸ்ட்டும் வேணும், பவுலோட மேல்பரப்புல கல்லு என்ன வேகத்துல போகுதுன்னு ஃபோன்ல ஸ்லோமோஷன்ல எடுத்தாலே போதும்.

பவுலோட அசைவையும் அளந்துதான் கொடுக்கணும். மோட்டார் ஷாஃப்ட்ல மேல ஒரு வெயிட், கீழ ஒரு வெயிட், நடுவுல ஒரு கோணம், அந்த கோணத்தாலதான் கல்லு குறுக்க உருளவும் செய்யுது, பவுலை சுத்தி சுருள் மாதிரி நகரவும் செய்யுது. நம்ம ஊர் கரண்ட்ல நாலு போல் மோட்டார்னா நிமிஷத்துக்கு 1440 சுத்து பக்கம், அதாவது செகண்டுக்கு 24 அதிர்வு. அதிர்வு வேகம் நேம் பிளேட்ல கிடைக்கும், அசைவோட அளவு கிடைக்காது, பவுல் ஸ்ப்ரிங் மேல நிக்கறதால லோடு ஏத்தினா மாறும், ஒரு பக்கமும் இன்னொரு பக்கமும் கூட மாறும். பவுலோட விளிம்புல மூணு இடத்துல ஆக்ஸலரோமீட்டர் ஒட்டி, முழு லோடோட அளந்து, அந்த அசைவை அப்படியே சிமுலேஷனுக்கு கொடுங்க. இதை செய்யாம வர்ற ரிசல்ட் எந்த பவுலோட ரிசல்ட்டுன்னே சொல்ல முடியாது.

இந்த விஷயத்துல டொராண்டோ யுனிவர்சிட்டில ஸ்பெல்ட்டோட குழு செஞ்ச வேலை முக்கியமானது, 2002லயே பவுலுக்குள்ள ஃபோர்ஸ் சென்சார் வெச்சு கல்லு தட்டற நேர் விசை, உரசற விசை ரெண்டையும் அளந்தாங்க, சில வருஷம் கழிச்சு அதிர்ற பெட்டில கல்லு சுத்தறதை டி.இ.எம்ல போட்டு சோதனையோட ஒப்பிட்டாங்க. அளந்து பாத்து அப்புறம் மாடல்ங்கற வரிசை அதுல இருக்கு, அந்த வரிசையை பிடிச்சுக்கங்க.

இப்ப ரெண்டாவது பகுதி, எவ்ளோ மெட்டல் போகும். இதுக்கு பழைய ரெண்டு விதி இன்னைக்கும் ஓடிட்டு இருக்கு. 1927ல பிரெஸ்டன் கண்ணாடி பாலிஷ் பண்றதுக்கு சொன்னது, மெட்டீரியல் போற வேகம் = கே × அழுத்தம் × சார்பு வேகம். 1953ல ஆர்ச்சர்ட் தேய்மானத்துக்கு சொன்னதும் உள்ளுக்குள்ள அதேதான், ஹார்ட்னெஸ்ஸை கீழ வகுத்து எழுதினார். சிப் தயாரிக்கற இடத்துல சிலிக்கான் வேஃபரை சமப்படுத்தற சி.எம்.பி வரைக்கும் பிரெஸ்டன் விதிலதான் ஆரம்பிக்கறாங்க. பிரச்சினை எல்லாம் அந்த கேல இருக்கு. உங்க கல்லுக்குள்ள என்ன துகள், காம்பவுண்ட் என்ன, பார்ட் எவ்ளோ ஹார்ட், கல்லு புதுசா ஓடி தேஞ்சதா, எல்லாம் அந்த ஒரு எழுத்துக்குள்ள அடங்கி கிடக்கு. எந்த சாஃப்ட்வேருக்கும் அது தெரியாது. நீங்க அளந்து கொடுக்கணும்.

எப்படி அளக்கறது? கியர் மெட்டீரியல்லயே, அதே ஹீட் ட்ரீட்மென்ட்ல, ஒரு சின்ன தட்டு எடுங்க, மொத்த பரப்பு 10 சதுர சென்டிமீட்டர்னு வெச்சுக்கலாம். நல்லா கழுவி, காய வெச்சு, எடை போட்டு, பவுல்ல ஒரு மணி நேரம் ஓட்டி, மறுபடி கழுவி எடை போடுங்க. அந்த பரப்பு முழுக்க ஒரு மைக்ரான் போனா எடை எவ்ளோ குறையும்னா வெறும் 8 மில்லிகிராம் பக்கம்தான், ஸ்டீலோட அடர்த்தி 7.85ன்னு போட்டா வர்ற கணக்கு. அதனால கடைத்தராசு பத்தாது, 0.1 மில்லிகிராம் காட்டற லேப் தராசு வேணும், அதுவும் கைரேகை, ஈரம், ஒட்டிக்கிட்டிருக்கற காம்பவுண்ட் எல்லாம் மில்லிகிராம் கணக்குல ஏமாத்தும், அல்ட்ராசோனிக்ல கழுவிட்டு போடுங்க. இதே தட்டை சிமுலேஷன்லயும் போட்டு அதுமேல எவ்ளோ உரசல் எனர்ஜி விழுதுன்னு எடுத்தா, போன மெட்டலை அதால வகுத்தா கே வந்துடும். அதுக்கப்புறம் அதே கல்லு, அதே காம்பவுண்டு, அதே மெட்டீரியலுக்கு எந்த ஷேப் பார்ட் போட்டாலும் அந்த கே செல்லும்.

மூணாவது பகுதி ஃபினிஷ். இதுக்கு பேரிங் பண்ற டிம்கன் கம்பெனில இருந்த ஹஷிமோட்டோ 1996ல ஒரு விதி சொன்னார், ஷாப்ல வேலை செய்றவங்க எல்லாரும் மனசுல வெச்சுக்க வேண்டியது. வைப்ரேட்டரில ஆர்.ஏ முதல்ல வேகமா இறங்கும், அப்புறம் மெதுவாகும், ஒரு அடிமட்டத்துக்கு வந்து நின்னுடும், அந்த அடிமட்டத்தை தீர்மானிக்கறது கல்லும் கண்டிஷனும்தான். ஆனா மெட்டல் போறது நிக்காது, அது ஒரே வேகத்துல போயிட்டே இருக்கும். உதாரணத்துக்கு, நம்பர் நானா எடுத்துக்கறேன், ஆரம்பத்துல 0.8, அடிமட்டம் 0.3, நேர மாறிலி (அடிமட்டத்துக்கு மேல இருக்கறது சுமார் 37 சதவீதமா குறையற நேரம்) 30 நிமிஷம்னு வெச்சா, 30 நிமிஷத்துல 0.48, ஒரு மணி நேரத்துல 0.37, ஒன்றரை மணி நேரத்துல 0.32, அதுக்கப்புறம் நாள் பூரா ஓட்டினாலும் 0.3ஐ விட்டு இறங்காது. 0.4 வர 48 நிமிஷம் போதும். கஸ்டமர் 0.25 கேட்டா இந்த கல்லுல வாழ்நாள்ல வராது, நைசான கல்லுக்கு மாத்தணும். "இன்னும் ரெண்டு மணி நேரம் போடு"ன்னு சூப்பர்வைசர் சொல்ற ஒவ்வொரு தடவையும் ஃபினிஷ் மாறாம எட்ஜ் மட்டும் உருண்டுக்கிட்டு இருக்கும், அதுக்கு காரணம் இதுதான்.

இப்ப உங்க பல்லடிக்கு வருவோம். மேல சொன்ன மூணையும் சேத்து பாருங்க. பல்லடியை பெரும்பாலும் கிரைண்டிங் வீல் தொடறதே இல்ல, பல்லு வெட்டற டூலான ஹாப் விட்ட தடம் அப்படியே இருக்கும், அதனால பக்கவாட்டு 0.8ல ஆரம்பிச்சா பல்லடி 2.5ல ஆரம்பிக்கும்னு வெச்சுக்கங்க. டி.இ.எம் ஓட்டி பாத்தா பல்லடில விழற எனர்ஜி பக்கவாட்டுல விழறதுல எட்டுல ஒரு பங்குன்னு வருதுன்னு வெச்சுக்கங்க. அப்ப அங்க நேர மாறிலி 30 நிமிஷம் கிடையாது, எட்டு மடங்கு, 240 நிமிஷம். 2.5ல இருந்து 0.4க்கு வர 12 மணி நேரத்துக்கு மேல ஆகும். அந்த நேரம் பூரா பக்கவாட்டுல மெட்டல் போயிட்டே இருக்கும், மணிக்கு 2 மைக்ரான்னு வெச்சாலே 24 மைக்ரான் போயிடும், கிரைண்டிங்ல கஷ்டப்பட்டு கொண்டுவந்த ப்ரொஃபைல் காலி. அதாவது நேரத்தை கூட்டி இந்த பிரச்சினையை தீர்க்கவே முடியாதுங்கறது காகிதத்துலயே தெரிஞ்சுடுது. சிமுலேஷனோட உண்மையான லாபம் இதுதான், ட்ரையல் போட்டு பார்ட்டை ஸ்கிராப் பண்ணாம இந்த வழி அடைச்ச வழின்னு தெரிஞ்சுக்கறது.

இன்னொன்னு சொல்லணும், இதுக்கு சாஃப்ட்வேர் கூட வேண்டாம். உங்க கியர் மாட்யூல் (பல்லோட சைஸை சொல்ற நம்பர்) 3ன்னு வெச்சா, பிட்ச் வட்டத்துல ரெண்டு பல்லுக்கு நடுவுல இடைவெளி 4.7 மில்லிமீட்டர், பல்லடி வளைவோட ஆரம் வழக்கமான ரேக் அளவுப்படி 0.38 மாட்யூல், அதாவது 1.14 மில்லிமீட்டர் பக்கம். 6 மில்லிமீட்டர் உருண்டை அந்த இடைவெளிக்குள்ள இறங்கவே இறங்காது. வளைவுல முழுசா உக்காரணும்னா 2.3 மில்லிமீட்டருக்கும் கீழ இருக்கற கல்லு வேணும், அவ்ளோ சின்ன கல்லுக்கு எடை இல்ல, எடை இல்லாத கல்லு அழுத்தாது, மெட்டல் போகாது. அதனாலதான் சாய்வா வெட்டின முக்கோண கல்லு, கூர்முனை இருக்கற கல்லு எல்லாம் பல்லுக்கு போடறாங்க, உடம்பு பெரிசா எடையோட இருக்கும், முனை மட்டும் உள்ள போகும். இங்கதான் டி.இ.எம்ல பலர் சறுக்கறாங்க. உருண்டை கல்லு வெச்சு ஓட்டினா வேகமா முடியுதுன்னு உருண்டையாவே ஓட்டுவாங்க, முக்கோண கல்லோட முனைதான் முழு கதையுமே, அதை உருண்டையாக்கிட்டா அந்த ரிசல்ட்டுல பல்லடி பத்தி ஒன்னும் மிச்சமிருக்காது. பல உருண்டையை ஒட்டி ஷேப் பண்றது ஒரு வழி, ஆனா அதுல முனை மழுங்கிடும். நிஜ பலமுக ஷேப்பை தாங்கற சாஃப்ட்வேர்ல ஓட்டுங்க, நேரம் கூட ஆகும், ஆனா அதுதான் சரி. கல்லு பல்லுக்கு நடுவுல சிக்கிக்குமான்னும் அதுலயே பாத்துக்கலாம், சின்ன கல்லும் பெரிய கல்லும் கலந்து போட்டா இந்த சிக்கல்தான் முதல்ல வரும்.

பார்ட்டை பவுல்ல சும்மா போடாம ஒரு ஸ்பிண்டில்ல மாட்டி கல்லுக்குள்ள இழுக்கற டிராக் ஃபினிஷிங்கையும் அதே மாடல்ல ஓட்டி பாருங்க. சும்மா போட்ட பார்ட் கல்லோட சேந்தே மிதந்து போகும், ரெண்டுக்கும் நடுவுல வேக வித்தியாசம் கம்மி. மாட்டின பார்ட்டுக்கு வேகம் நீங்க கொடுக்கறது, பல்லு எந்த பக்கம் பாத்து போகணும்ங்கறதும் உங்க கைல. பல்லடிக்கும் பக்கவாட்டுக்கும் உள்ள அந்த எட்டு மடங்கு எவ்ளோ குறையுதுன்னு சிமுலேஷன் சொல்லும், அது மூணா நாலா ஆச்சுன்னா ஃபிக்ஸ்சர் செலவு நியாயமா இல்லையான்னு முடிவு பண்ணிடலாம். ஆசிட் கலந்த காம்பவுண்ட் போட்டு மேல ஒரு மெல்லிய படலம் உண்டாக்கி அதை கல்லு துடைச்செடுக்கற கெமிக்கல் முறையும் கியருக்கு நல்லா வேலை செய்யும், ஆனா அதுல ஆர்ச்சர்ட் விதியை அப்படியே போடக்கூடாது, படலம் எவ்ளோ வேகமா உண்டாகுதுங்கறதும் கணக்குல வந்துடும்.

கிரைண்டிங் பர்னுக்கு வர்றேன். இது வேற உலகம், இங்க நல்ல சேதி என்னன்னா சூட்டு கணக்கு ரொம்ப பக்குவமானது. 1942ல யேகர் நகர்ற வெப்ப மூலத்துக்கு போட்ட கணக்குதான் இன்னைக்கும் அடிப்படை. இதுக்கு பார்ட்டை சின்ன சின்ன துண்டா பிரிச்சு கணக்கு போடற பெரிய எஃப்.இ.எம் எல்லாம் ஆரம்பத்துல வேண்டாம், எக்செல் ஷீட் போதும். ஒரு உதாரணம் போட்டு காட்டறேன், சமதள கிரைண்டிங்னே எடுத்துக்கலாம். வீல் விட்டம் 400 மில்லிமீட்டர், கட் ஆழம் 0.02 மில்லிமீட்டர், டேபிள் வேகம் நிமிஷத்துக்கு 15 மீட்டர். ஒரு மில்லிமீட்டர் அகலத்துக்கு செகண்டுக்கு 5 கன மில்லிமீட்டர் மெட்டல் போகுது. கிரைண்டிங்ல ஒரு கன மில்லிமீட்டர் ஸ்டீல் எடுக்க 20ல இருந்து 60 ஜூல் வரைக்கும் செலவாகும், டர்னிங்ல ஆகறதை விட பல மடங்கு, உரசல்லயும் உழறதுலயும் போறதுதான் காரணம். நடுவுல 40ன்னு எடுத்தா ஒரு மில்லிமீட்டர் அகலத்துக்கு 200 வாட். வீல் தொடற நீளம் ஆழத்தையும் விட்டத்தையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தா 2.8 மில்லிமீட்டர். அலுமினா வீல்னா அந்த சூட்டுல எழுபது சதவீதம் பார்ட்டுக்குள்ள போகும்னு வெச்சா, மேல்பரப்பு கிட்டத்தட்ட 490 டிகிரி ஏறுது. பேரிங் ஸ்டீல் டெம்பர் பண்ணினதே 200 டிகிரி பக்கம்தான், அப்ப மேல்தோல் மெத்துன்னு ஆகற ஆபத்து இருக்கு, ஆனா தொடற நேரம் 11 மில்லி செகண்ட்தான்ங்கறதால எவ்ளோ மெத்துன்னு ஆகும்ங்கறதுக்கு நேரத்தையும் சேத்து பாக்கணும்.

இந்த கணக்குல சி.பி.என் (க்யூபிக் போரான் நைட்ரைடுங்கற ரொம்ப கடினமான துகள்) வீலை போட்டு பாருங்க, சி.பி.என் சூட்டை நல்லா கடத்தும், பார்ட்டுக்கு போற பங்கு பாதிக்கும் கீழ இறங்கிடும், உயர்வும் அதே அளவு இறங்கிடும். கூலன்ட்டையும் மறக்காதீங்க, தண்ணி கலந்த கூலன்ட்டா இருந்தா தொடற இடத்துல 130 டிகிரி பக்கம் ஆவிப்படலம் உண்டாகி கூலன்ட் வேலை செய்யறதே நின்னுடும், ஆயில்ல அது 300 டிகிரி வரைக்கும் தாங்கும். அந்த எல்லையை தாண்டின உடனே சூடு திடீர்னு எகிறும், அதனாலதான் நேத்து வரைக்கும் நல்லா ஓடின ப்ராசஸ்ல இன்னைக்கு சட்டுனு பர்ன் வருது. வீல் மழுங்கும்போது அந்த 40 ஜூல் மெதுவா 50, 60ன்னு ஏறும், ஸ்பிண்டில் பவரை லாக் பண்ணினா அது கண்ணுக்கு தெரியும். உங்க மெஷின்ல பவர் மீட்டர் இருந்தா ஒவ்வொரு பார்ட்டுக்கும் பவரை எடுத்து இந்த ஃபார்முலால போட்டு, எந்த சூட்டுக்கு மேல நைட்டல் எட்ச்ல (ஆசிட்ல முக்கி பர்ன் இருக்கான்னு பாக்கற டெஸ்ட்) கறுப்பு வருதுன்னு ஒரு கோடு போடுங்க. டிரெஸ்ஸிங் (மழுங்கின வீலை மறுபடி கூராக்கறது) எத்தனை பார்ட்டுக்கு ஒரு தடவைங்கறதுக்கு விடை அந்த கோட்டுலயே இருக்கும்.

கிரைண்டிங்ல ஃபினிஷை முன்கூட்டி சொல்ற மாடலும் இருக்கு. கம்ப்யூட்டர்ல ஒரு வீல் பண்ணி, அதுமேல துகளை சீரில்லாம தூவி, 60ம் நம்பர் வீல்னா துகள் சராசரி கால் மில்லிமீட்டர், ஒவ்வொரு துகளும் போற பாதையை பார்ட் மேல வரைஞ்சு, கடைசில மிச்சம் இருக்கற உயரம்தான் மேல்பரப்புன்னு எடுக்கறது. பைத்தான் தெரிஞ்சா ஒரு வாரக்கடைசில எழுதிடலாம், கத்துக்கறதுக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடையாது. ஆனா இது துகள் தொட்டதை எல்லாம் சுத்தமா வெட்டிட்டதா நினைச்சுக்கும், ரெண்டு பக்கமும் ஒதுங்கற மெட்டலை பாக்காது, அதனால நிஜத்தை விட நல்ல ஃபினிஷா காட்டும். டிரெஸ்ஸர் வீல்ல போடற தடத்தையும், ஒதுங்கற மெட்டலுக்கு ஒரு பங்கையும் சேத்தா நிஜத்துக்கு பக்கத்துல வரும். ஒத்தை துகளை எஃப்.இ.எம்ல வெச்சு கீறி பாக்கறது, அணு அளவுல எம்.டிங்கற சிமுலேஷன் ஓட்டறது எல்லாம் ஆராய்ச்சிக்கு, உங்க ஷாப் கேள்விக்கு அதுல விடை இல்ல.

பிசின் மாதிரி பாலிமர்ல துகளை கலந்து ஓட்டைக்குள்ள அழுத்தி தள்ற அப்ரேசிவ் ஃப்ளோ முறை பத்தி நீங்க கேக்கல, இருந்தாலும் உள்துளை வேலை வந்தா ஞாபகம் வெச்சுக்கங்க, ஐ.ஐ.டி கான்பூர்ல வி.கே. ஜெயின் குழு இதுல வருஷக்கணக்கா மாடல், சோதனை ரெண்டும் பண்ணியிருக்காங்க. அதுக்கு திரவ ஓட்டத்தை கணக்கு போடற சி.எஃப்.டி போதும், சுவர்ல வர்ற அழுத்தமும் வழுக்கும் வேகமும் கிடைச்சா மிச்சம் பிரெஸ்டன் கணக்குதான்.

சாஃப்ட்வேர் எதுன்னு அடுத்த கேள்வி வரும். ஈடெம், ராக்கி ரெண்டும் காசு கொடுத்து வாங்கறது, ரெண்டுமே ஜி.பி.யுல (கிராஃபிக்ஸ் கார்டுல) ஓடும், பலமுக ஷேப்பும் வரும். காசில்லாம ஆரம்பிக்க யேட், மெர்குரி டி.பி.எம் மாதிரி இருக்கு, கத்துக்க கொஞ்சம் பொறுமை வேணும். வாங்கறதுக்கு முன்னாடி முழு பவுலையும் ஓட்ட நினைக்காதீங்க, பவுல்ல ஒரு துண்டை மட்டும் எடுத்து, ரெண்டு பக்கமும் ஒரு பக்கம் போன கல்லு மறுபக்கம் வர்றமாதிரி வெச்சு, நடுவுல உங்க கியரை நிறுத்தினா முப்பது நாப்பதாயிரம் கல்லுல முடிஞ்சுடும், நல்ல கிராஃபிக்ஸ் கார்டு இருக்கற ஒரு ஒர்க்ஸ்டேஷன் போதும்.

உங்க கேஸ்ல நான் செய்ற வரிசை இதுதான்: முதல்ல டிராயிங்கை எடுத்து 0.4ங்கறது பல்லடிக்கும் சேத்துதானா, இல்ல பக்கவாட்டுக்கு மட்டுமான்னு கஸ்டமர்கிட்ட எழுத்துல கேளுங்க, வளைவுல விரிசல் ஆரம்பிக்கும்னு பயந்து கேக்கறாங்கன்னா அங்க ஷாட் பீனிங் (சின்ன குண்டை வேகமா அடிச்சு மேல்தோலை பலப்படுத்தறது) ஏத்துக்குவாங்களான்னும் சேத்து கேளுங்க. பல்லடிக்கும் வேணும்னா தராசு டெஸ்ட்டையும் குவியல் டெஸ்ட்டையும் இந்த வாரமே போட்டுடலாம், ரெண்டுக்கும் சாஃப்ட்வேர் தேவையே இல்ல. மாட்யூல், இப்ப போடற கல்லோட ஷேப்பும் சைஸும், பவுல் எத்தனை லிட்டர், எடை டெஸ்ட்ல எத்தனை மில்லிகிராம் குறைஞ்சுது, இது நாலையும் அனுப்புங்க, துண்டு மாடலுக்கு எவ்ளோ கல்லு, எவ்ளோ நேரம் ஆகும்னு கணக்கு போட்டு சொல்றேன்.